கைவிடப்பட்ட நிரலைக் கையேற்கும் முன்: முதலில் சாவி, அப்புறம்தான் கோடு

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை இன்றைய பொது முறையான யுனிகோடுக்கு மாற்றும் ஒரு சின்னப் பைதன் நூலகத்தை (பைதன் என்ற நிரல் மொழியில் எழுதி, மற்ற நிரல்கள் எடுத்துப் பாவிக்கும் தொகுப்பு) 2021இல் பொறுப்பெடுத்தேன். எழுதியவர் 2014க்குப் பிறகு அதைத் தொடவேயில்லை. கோடு, அதாவது நிரல், மொத்தமும் சில நூறு வரிதான். ஒரு கிழமை இருந்தால் புதிய பைதனில் ஓட வைத்துவிடலாம் என்ற கணக்கில்தான் இறங்கினேன். அது வருசக்கணக்காக என் சனி ஞாயிறுகளைத் தின்றது, கைக்கு வரவிருந்த ஒன்றரை இலட்ச ரூபா வேலை ஒன்றையும் கொண்டுபோனது, வீட்டில் ஏச்சும் வாங்கித் தந்தது. இவ்வளவுக்கும் கோடு எழுதப் போன நேரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் அனுமதி கேட்பது, ஆளைத் தேடுவது, தொலைந்த கடவுச்சொல்லை மீட்பது, முன்பின் தெரியாதவர்களின் அவசரத்துக்குப் பதில் சொல்வது. அந்த நேரம் இதைப் பற்றி என்னோடு கதைக்க ஒருவரும் இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நூலகம் எதற்கென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்துக் கொடுப்பது வழக்கம். கல்வெட்டு என்றும் சொல்வோம். அதோடு கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர், பழைய மாணவர் சங்க மலர். இவற்றில் பெரும்பகுதி பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினிக் கோப்பைக் கணினி ஆங்கில எழுத்துகளாகத்தான் பார்க்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் ஒரு சொல்லும் விளங்காது, தேடவும் முடியாது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் அச்சகம் வைத்திருக்கும் ஐயா ஒருவர், தன்னிடம் கிடந்த சீடிக்களையெல்லாம் தேடக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரக் கேட்டார். ஒட்டினால் மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இருக்கின்றன, ஆனால் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் கோப்புகளை அப்படி ஒட்டிக்கொண்டிருக்க ஏலாது. தேடிப் போனபோது இந்த நூலகம் அகப்பட்டது. பைதன் 2.7இல் நின்றது. பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டது. சரி, நானே பைதன் 3க்கு மாற்றி எல்லோருக்கும் திருப்பிக் கொடுப்போம் என்று தொடங்கினேன்.

முதல் முட்டுக்கட்டை உரிமம். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'விரும்பினவர்கள் எடுத்துப் பாவிக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது, உரிமக் கோப்பு இல்லை. பொதுவில் கிடக்கிற கோடுதானே என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உரிமம் எழுதி வைக்காத கோடு முழுவதும் எழுதியவருக்கே சொந்தம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பதிப்புரிமைக்குள் கொண்டுவருகிறது. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 70 வருசமும் அது செல்லும். கோட்டைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பின் விதிகள் உங்களுக்குத் தருவது, அங்கே வைத்துப் பார்க்கவும் ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு பிரதி) எடுக்கவுமான அனுமதியை மட்டும். திருத்தி உங்கள் பெயரில் வெளியிடலாம் என்று அதில் இல்லை. ஆகவே ஒரு திட்டத்தைப் பார்த்தவுடன் கோட்டைத் திறக்காதீர்கள். உரிமக் கோப்பு இருக்கிறதா, எம்ஐடியா ஜிபிஎல்லா (திறந்த கோட்டுக்குப் பொதுவாகப் போடும் உரிமங்கள்), வேறு யாருடைய கோடாவது உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதியவரைக் கண்டுபிடிக்காமல் ஓரடி வைக்கவேண்டாம்.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. ரீட்மீயில் இருந்த முகவரிக்குப் போட்ட மின்னஞ்சல் திரும்பி வந்தது. கொமிட் வரலாற்றில், அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவில், வேறு முகவரிகள் இருக்கும், அதைப் பாருங்கள். எனக்கு அங்கே கிடைத்த இரண்டாவது முகவரி ஒரு பழைய வேலையிடத்தினுடையது, அதுவும் செத்துப்போயிருந்தது. பிறகு யாழ்ப்பாணத்து வழிதான் உதவியது. பெயரையும் அவர் படித்த பாடசாலையையும் வைத்து, எந்த ஊர், யாருடைய மகன், எங்கே கலியாணம் செய்தவர் என்று விசாரித்துக்கொண்டு போனால், கோண்டாவிலில் இருக்கும் என் பெரியம்மாவின் சம்பந்தி வழியில் ஆள் கனடாவின் ஸ்காபரோவில் இருப்பது தெரிந்தது. வட்ஸ்அப்பில் எடுத்தேன். "தங்கச்சி, நான் அதை மறந்தே போனன். நீங்கள் விரும்பினபடி செய்யுங்கோ" என்றார். நல்ல மனுசன். ஆனால் வாயால் சொன்ன சம்மதத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. அவருடைய கணக்கில் இருந்தே உரிமக் கோப்பைச் சேர்த்து கொமிட் செய்யச் சொன்னேன். எம்ஐடி உரிமம், அவருடைய பெயர், அவருடைய கை. அது நடந்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

இந்த இடத்தில் ஒரு புத்தி சொல்கிறேன். ஆள் கிடைத்தால், அந்த முதல் அழைப்பிலேயே வேண்டியது எல்லாவற்றையும் கேட்டு விடுங்கள். உரிமம், கிட்ஹப்பில் ரெப்போவை (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) மாற்றித் தருவது, பைபிஐயில் (என்னவென்று கீழே சொல்கிறேன்) உரிமையாளராகச் சேர்ப்பது, டொமைன் (இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில், வேறு யாரிடம் அனுமதி இருக்கிறது, பழைய சோதனைக் கோப்புகள் எங்கே. பத்து வருசம் முந்திய பொழுதுபோக்குக்காக ஒருவர் ஒரு முறைதான் உற்சாகமாக இருப்பார். இரண்டாம் முறை எடுக்கும்போது அவர் வேலையில் நிற்பார், அல்லது பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருப்பார். நான் பைபிஐயைப் பிறகு கேட்கலாம் என்று விட்டேன், பதில் வர மாதங்கள் போயின.

பைபிஐ என்பது பைதன் பொதிகள் இருக்கும் பொதுக் களஞ்சியம். பிப் இன்ஸ்டோல் என்று அடித்தால் அங்கிருந்துதான் இறங்கும். ஒரு நூலகத்தின் உண்மையான சாவி அங்கே அதன் பெயரை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. கிட்ஹப்பில் நீங்கள் எவ்வளவு திருத்தினாலும், அந்தப் பெயரில் வெளியிட முடியாவிட்டால் பாவிப்பவர்களுக்குப் பழையதுதான் போகும். நூலகத்தை எழுதிய அண்ணையின் பைபிஐ கணக்கு ஒரு சொந்த டொமைனின் மின்னஞ்சலில் இருந்தது. அந்த டொமைனை அவர் எப்போதோ புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். கடவுச்சொல்லும் ஞாபகம் இல்லை. இது வெறும் தொல்லை மட்டுமில்லை, ஆபத்து. 2022 மே மாதத்தில் சிடிஎக்ஸ் என்ற பொதிக்கு இதேதான் நடந்தது: பராமரித்தவரின் காலாவதியான டொமைனை வேறொருவர் வாங்கி, மின்னஞ்சலைத் தன் கைக்கு எடுத்து, கடவுச்சொல்லை மாற்றி, பாவிப்பவர்களின் இரகசியத் தகவல்களைத் திருடும் கோட்டைப் புதிய பதிப்பாக ஏற்றிவிட்டார். அந்தச் செய்தியைப் பார்த்த அன்றே அண்ணைக்கு எடுத்தேன். எங்கள் அதிர்ஷ்டம், டொமைனை இன்னும் யாரும் வாங்கவில்லை. நானே வாங்கித் தரலாம் என்று பார்த்தால், நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்த அந்த மாதங்களில் என் வங்கி அட்டையில் டொலர் கட்டணம் போகவில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டிருந்தது. ஒருவிதத்தில் அதுவும் நல்லதுக்குத்தான். சட்டப்படி சரியான ஆள் அவர், அவரே கனடாவில் இருந்து வாங்கி, கணக்கை மீட்டு, என்னையும் உரிமையாளராகச் சேர்த்தார். இன்றைக்கு இந்த வழியை நம்பி இருக்கவேண்டாம். 2025 முதல் டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலின் உறுதிப்பாட்டை பைபிஐயே நீக்கி விடுகிறது.

ஆளே கிடைக்காவிட்டால் என்ன செய்வது? அதற்குப் பைதன்காரர்களின் பெப் 541 என்ற விதிமுறை இருக்கிறது. கைவிடப்பட்ட பொதியின் பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நீங்கள் ஆளைத் தொடர்புகொள்ள முயன்று முடியாமல் போனதற்குச் சான்று, உங்கள் ஃபோர்க்கில் செய்த திருத்தங்கள், வேறு பெயரில் வெளியிட்டால் ஏன் போதாது என்பதற்கு நியாயமான காரணம், மூன்றும் வேண்டும். அவர்களும் உரிமையாளரை ஆறு வாரம் வரை தேடிப் பார்ப்பார்கள். ஆகவே நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மின்னஞ்சலையும் திகதியோடு முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். கிட்ஹப்பிலும் முடிந்தால் ஃபோர்க்கில் நிற்காமல் ரெப்போவையே மாற்றி வாங்குங்கள். மாற்றினால் பழைய இணைப்புகள் தானாகப் புதிய இடத்துக்குக் கொண்டுவரும், இஷ்யூக்களும் (பாவிப்பவர்கள் பதிந்த முறைப்பாடுகள்) கூடவே வரும். ஃபோர்க்கில் இஷ்யூப் பகுதி தொடக்கத்தில் மூடியே இருக்கும், ஆட்கள் பழைய இடத்திலேயே போய் முறையிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம்தான் கோடு. ரீட்மீயின் உச்சியில் 'சோதனை வெற்றி' என்று ஒரு பச்சைப் பட்டி இருந்தது. அந்தச் சோதனைகளைத் தானாக ஓட்டிய சேவையான ட்ராவிஸின் பழைய தளம் 2021 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது. அதாவது அந்தப் பச்சை யாரையும் நம்பவைக்க மட்டும் இருந்தது. நான் முதலில் செய்த, இப்போதும் சரியென்று நினைக்கிற வேலை இது: ஒரு வரியும் மாற்றாமல், பைதன் 2.7ஐத் தனியாக நிறுவி, அச்சக ஐயா அனுமதி தந்த கோப்புகளைப் பழைய நூலகத்தில் ஓடவிட்டு, எது போட்டால் எது வந்தது என்று அப்படியே பதிந்து வைத்தேன். சரியோ பிழையோ, அதுதான் அன்றைய நடத்தை. மாற்றிய பிறகு அதோடு ஒப்பிட்டால் நான் உடைத்தது எது, முன்பே உடைந்திருந்தது எது என்று தெரிந்துவிடும். செத்துப்போன திட்டத்தில் கை வைக்கிற எவரும் இதைச் செய்யாமல் தொடங்கவே கூடாது.

முன்பே உடைந்திருந்ததில் ஒன்று பெரிய தலையிடி. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும், யுனிகோடில் மெய்தான் முதலில் வரும். அதை இடம் மாற்றுவது இலகு. ஆனால் கௌ, சௌ போன்ற எழுத்துகளுக்கு அச்சில் கொம்பு, எழுத்து, பிறகு சாதாரண ளகரம் என்றுதான் அடிப்பார்கள். ஆகவே கௌரி, சௌந்தரம் என்ற பெயர்களில் வரும் ளகரம் ஔகாரத்தின் பகுதி. வெளிநாடு, தெளிவு என்பவற்றில் வரும் ளகரம் உண்மையான ளகரம். கோப்பில் இரண்டும் ஒரே குறிதான். பழைய நூலகம் எல்லாவற்றையும் ஔகாரமாக்கியது. 'வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகள்' இல்லாத நினைவு மலர் யாழ்ப்பாணத்தில் ஏது? அத்தனை இடத்திலும் வௌவுக்குப் பக்கத்தில் இகர அடையாளம் ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ குற்றோ வந்தால் அது ளகரம், வராவிட்டால் ஔகாரம் என்று ஒரு விதி எழுதினேன். என்னிடம் இருந்த கோப்புகளில் அது நன்றாக நின்றது. மகிழ்ச்சியோடு வெளியிட்டேன். அடுத்த கிழமை ஒருவர் கோபமாக எழுதினார்: அவருடைய தேடல் பட்டியல் முழுவதும் பழைய பிழையான வடிவத்தில் கட்டப்பட்டது, என் திருத்தத்தால் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. பல வருசம் கிடந்த பிழையை நம்பி யாரோ வீடு கட்டியிருப்பார்கள், இது நிச்சயம். அதனால் நடத்தை மாறும் எந்தத் திருத்தத்தையும் பெரிய பதிப்பு எண்ணில்தான் விடுகிறேன், 1இல் இருந்து 2க்கு. 1ஐப் பாவிப்பவர்கள் தங்கள் பாட்டில் இருக்கட்டும்.

2022இன் முதல் பாதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் வரும் நேரத்தில் வயிற்றுப்பாட்டு வேலையைச் செய்வதா, இலவச வேலையைச் செய்வதா? இஷ்யூக்கள் குவிந்தன.

அந்த நேரம்தான் கொழும்பில் ஒரு கொம்பனியில் இருந்து 'மிக அவசரம்' என்ற தலைப்போடு மின்னஞ்சல் வந்தது. அவர்களுடைய ஒரு தயாரிப்புக்குள் இந்த நூலகம் இருக்கிறது, வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பில் உடைகிறது, இரண்டு நாளில் திருத்தித் தரவேண்டும். ஒரு சதம் தருவதாகப் பேச்சில்லை. நான் பொறுப்பெடுத்தது என் பெயரில், உடைந்தால் என் மானம் போய்விடும் என்று நினைத்து இராத்திரி இராத்திரியாக இருந்தேன். அதற்குள் ஒரு விடுதிக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் வேலை தள்ளிப்போய், அவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை இலட்சம் போனது அப்படித்தான். கொம்பனியில் இருந்து நன்றி என்று ஒரு வரி வந்தது. கோபம் ஆற நெடுநாள் சென்றது. பிறகு எம்ஐடி உரிமத்தை ஆறுதலாக வாசித்தேன்: எந்த உத்தரவாதமும் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரி பராமரிப்பவருக்கு ஒரு வேலி. நீங்களும் அதைப் பாவியுங்கள். இப்போது ரீட்மீயின் முதல் பத்தியில் இருக்கிறது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை இஷ்யூ பார்ப்பேன், பாதுகாப்புப் பிழையென்றால் மட்டும் உடனே; அவசரமாக வேண்டுமென்றால் கட்டணம். அதை எழுதின பிறகு 'அவசரம்' என்று வருவதே குறைந்துவிட்டது. கட்டணம் வாங்குவதிலும் ஒரு கஷ்டம் இருந்தது. பேபாலில் இங்கிருந்து பணம் கட்டலாம், இங்கே பணம் வாங்க முடியாமல் இருந்தது. ஆகவே வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பும்படி விலைப்பட்டியல் போட்டேன். வெளிநாட்டில் இருந்து அனுப்பும்போது வங்கி பிடிக்கும் தரகையும் சேர்த்து விலை சொல்லுங்கள்; சின்னத் தொகையில் அது பெரிதாக வெட்டும்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் கோப்புச் சுருக்கும் நூலகம் அது. லாஸ்ஸ கொலின் என்பவர் கிட்டத்தட்ட தனியாளாகப் பார்த்து வந்தார். மனச் சோர்வில் இருந்த அவரை, ஏன் இவ்வளவு தாமதம் என்று சில பெயர்கள் நெருக்கின. அதே நேரம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி உதவி, வருசக்கணக்கில் நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையை வாங்கி, இரகசியமாக உள்ளே நுழைய விடும் பின்கதவு ஒன்றை வைத்துவிட்டார். தூரத்துக் கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரைச் செக்கன் அளவு பிந்துகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரஸ் ஃபுரொய்ண்ட் மார்ச் 29ஆம் திகதி அதை வெளிப்படுத்தினார். வாசித்தபோது எனக்குக் கைகால் நடுங்கியது, ஏனென்றால் களைத்துப்போன தனியாள் என்ற இடத்தில் நானும் இருந்தேன். அதற்குச் சில மாதம் முன்னர்தான் முகம் தெரியாத ஒருவர் இரண்டு நல்ல புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லி அனுப்பும் திருத்தம்) அனுப்பிவிட்டு, வெளியிடும் அனுமதியும் தந்தால் பாரத்தைக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தார். அவர் நல்லவராகவே இருக்கலாம். நான் கொடுக்கவில்லை. கோடு யாரும் அனுப்பலாம், ஆனால் வெளியிடும் சாவி நேரில் இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைத்தவருக்கு மட்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்தேன். சின்ன நூலகம், யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்பார்கள். தாக்குபவருக்கு உங்கள் நூலகம் வேண்டாம், அதை நிறுவியவர்களின் கணினி வேண்டும்.

அப்படி நேரில் கதைத்து, சாவி கொடுத்த இரண்டாவது ஆள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவி. தனியாள் பராமரிக்கும் திட்டத்தில் இரண்டாவது சாவி வைத்திருப்பவரைத் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்; எனக்கு ஏதும் நடந்தால் திரும்பவும் ஒருவர் சம்பந்தி வழியில் ஆள் தேட வேண்டிவரும். வெளியீடு இப்போது கடவுச்சொல் இல்லாமல், கிட்ஹப்பில் இருந்து நேரே பைபிஐக்குப் போகும் 'நம்பகமான வெளியீடு' முறையில் நடக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த வசதி. யாருடைய லப்டொப்பிலும் இரகசியக் குறியீடு கிடக்கத் தேவையில்லை. ஒவ்வொரு ஒக்டோபரிலும் புதிய பைதன் பதிப்பு வரும், அதற்கு முந்திய ஒரு சனிக்கிழமையைச் சோதனைக்கென்று நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். 2023இல் வந்த 3.12, பொதிகளை நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸைத் தூக்கியபோது எங்கள் நிறுவும் கோப்பு அப்படியே விழுந்தது, அதில் வந்த பழக்கம். இருவருக்கும் ஏலாமல் போனால் அரைகுறையாக இழுக்காமல் ஆர்கைவ் செய்வதென்றும் (இனிப் பராமரிப்பு இல்லை என்று அடையாளமிட்டு மூடுவது) பேசி எழுதி வைத்திருக்கிறோம். கிட்ஹப்பில் அந்த வசதி முன்பே உண்டு, பைபிஐயும் 2025 ஜனவரியில் கொண்டுவந்துவிட்டது.

எங்களுக்குள் இப்போது இழுபறியில் கிடப்பது ஸ்ரீ. பாமினியில் அது ஒரு விசை. யுனிகோடில் ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் பார்க்க இரண்டும் ஒன்றுதான், தேடினால் ஒன்று மற்றதைக் காட்டாது. ஸ்ரீதரன்களும் ஸ்ரீ என்று தொடங்கும் கோயில்களும் நிறைந்த மலர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. யுனிகோடின் பெயர்ப்பட்டியலில் இருப்பது ஶகர வடிவம், அதையே தரவேண்டும் என்கிறார் மாணவி. தேடுகிற ஆட்கள் ஸகரத்தில்தானே அடிக்கிறார்கள் என்கிறேன் நான். மூன்றாவது பதிப்பில் யார் பக்கம் போகும் என்று இன்னும் முடிவாகவில்லை.